பழைய பெட்டிக்காகப் புதிய பூட்டைக் கழற்றலாமா?

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் நினைவுக்கு வரும். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங் என்று நம் ஊரே ஒரு பெரிய இயந்திரம் போல ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரத்தின் ஞாபகசக்தி எங்கே இருக்கிறது? அலுவலக அறையின் மூலையில், வவுச்சர் கட்டுகளுக்குப் பக்கத்தில், சின்ன விளக்கு மினுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு கருப்புப் பெட்டியில் இருக்கிறது. அளவுப் பட்டியல், பேட்டர்ன், பிரிண்ட் டிசைன், பையருக்கு அனுப்பிய சாம்பிள் படங்கள், ஜாப் ஒர்க் பில் எல்லாம் அதற்குள்தான். கடைக்காரர் அதை 'நாஸ்' என்பார். கம்பெனியில் எல்லோருக்கும் அது 'சர்வர்'.

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களில் பலருடைய அப்பாவோ, சித்தப்பாவோ, அத்தையோ பனியன் கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். "கம்ப்யூட்டர் படிக்கிறயே கண்ணு, இதைக் கொஞ்சம் பாரு" என்று அவர்கள் கூப்பிடும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அது வந்த நாளிலிருந்து பழைய பெட்டி திறப்பதில்லை. பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் மறுபடி மறுபடி கேட்கிறது. சில இடங்களில், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி விருந்தாளியை அனுமதிக்கவில்லை என்று திரையில் வருகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் யூனிட்டில் இப்படி ஒரு விதியை யார் போட்டது என்று முதலாளி அக்கவுண்டண்டைப் பார்க்க, அக்கவுண்டண்ட் எங்களைப் பார்க்கிறார்!

விதியைப் போட்டது விண்டோஸ்தான். கம்ப்யூட்டரும் பெட்டியும் பேசிக்கொள்ள எஸ்.எம்.பி. என்றொரு மொழி இருக்கிறது. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதைத் தொடங்கி வைத்தார். அந்த வழியில் வந்த முதல் பதிப்பு, எஸ்.எம்.பி. 1, மிகப் பழையது. பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு இந்தப் பேச்சு மட்டுமே தெரியும். வேறு சில பெட்டிகளோ பாஸ்வேர்டே கேட்காமல், வருகிறவர் எல்லோரையும் விருந்தாளியாக உள்ளே விடுகின்றன. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, 'புரோ' கம்ப்யூட்டர்களில் விருந்தாளி முறையை இயல்பாகவே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு செய்தியிலும் மாற்றமுடியாத கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. விருந்தாளியால் கையொப்பம் போட முடியாது. சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு ஊரில் ஒரு குறுக்குவழி உண்டு. சர்வீஸ் செய்பவர் வந்து, புதுக் கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி. 1ஐத் திரும்பத் திறந்து, விருந்தாளியை அனுமதிக்கும் ஒரு எண்ணையும் மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார். பெட்டி திறக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. அது புகுந்தது விண்டோஸின் எஸ்.எம்.பி. 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு அது தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நம் பக்கத்து ஆந்திராவில் போலீஸ் நிலையக் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது! அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1ஐ ஓரங்கட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு மூடிய கதவை, பழைய பெட்டி ஒன்றின் பொருட்டு நாம் ஏன் திறக்க வேண்டும்?

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஷிப்மெண்ட் வாரத்தில் டிசைனும் பேக்கிங் லிஸ்ட்டும் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும். தாமதம் நம்முடையது என்றால் அந்தச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

புதுக் கம்ப்யூட்டரைத் தாழ்த்துவதை விடப் பெட்டியை உயர்த்துவதே சரியென்று சொல்வோம். முதலில் கோப்புகளுக்கு வேறொரு நகல் எடுத்துக்கொண்டு, பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 இருந்தும் அணைந்தே கிடக்கும். தயாரித்தவர்கள் புதிய ஃபெர்ம்வேர் கொடுத்திருந்தால் அதையும் ஏற்ற வேண்டும். பாஸ்வேர்டு தகராறில் பாதி சின்ன விஷயம். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்க பின் நம்பர் பெட்டிக்குச் செல்லாது. பெட்டியிலே உண்டாக்கிய பெயரும் பாஸ்வேர்டுமே செல்லும். பழைய பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்து வைத்திருந்தால், கிரெடென்ஷியல் மேனேஜரில் அதை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

விருந்தாளி முறைக்குப் பதில் ஆளுக்கொரு பெயர் வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குத் தனி அக்கறை உண்டு. எல்லோரும் ஒரே வாசலில் நுழையும் பெட்டியில் ஒரு டிசைன் காணாமல் போனால், யார் அழித்தார் என்று தெரியாது. அப்போது பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த டேட்டா என்ட்ரி பெண் மேல்தான். நாளை அந்த நாற்காலியில் எங்களில் ஒருத்தி உட்காரலாம். ஆளுக்கொரு பெயர் கொடுத்து, பெட்டியின் பதிவேட்டையும் ஓடவிட்டால், அழித்தது எந்தப் பெயர் என்று அதுவே காட்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே மூடிவிடவும் முடியும்.

எஸ்.எம்.பி. 1 தவிர எதுவுமே தெரியாத பெட்டி என்றால் அதற்கு ஓய்வு கொடுப்பதே மேல். செலவுதான், மறுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் போவதற்குள், அதன் வழியாகவே கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகலெடுக்கலாம். நகலில் பத்து இருபதைத் திறந்து சரிபார்த்த பிறகே பெட்டியைப் பிடுங்க வேண்டும். ஆபீஸ் ஸ்கேனருக்கும் புதிய இடத்தைச் சொல்லிக் கொடுக்க மறக்கக் கூடாது. அதுவும் அந்தப் பழைய பெட்டிக்குத்தான் இன்வாய்ஸை அனுப்பிக்கொண்டிருக்கும்.