சுவரைப் படமெடுப்பதும் ஒரு படிப்பா?

சாயங்காலம் பூங்காவில் நாங்கள் ஏழெட்டுக் கிழவர்கள் கூடுவோம். போன மாதம் ஒரு நாள் பேச்சு எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் பக்கம் திரும்பியது. டிசைன் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் கேமராவும் கையுமாக சி.டி.எச். ரோட்டில் நடக்கிறாள். சைக்கிள் கடை போர்டு, மாவு மில் சுவர், தண்ணீர் லாரியின் முதுகு, எப்போதோ மூடிவிட்ட டுடோரியலின் தகரப் பலகை என்று எழுத்து இருக்கும் எதையும் விடுவதில்லை. "லட்ச லட்சமா ஃபீஸ் கட்டி சுவத்தை போட்டோ எடுக்கிறதா? இது ஒரு படிப்பா?" என்றார் ஒரு நண்பர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நண்பரும் நான் எழுதுவதைப் படிப்பவர். படிக்கட்டும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே என்னிடம் வந்தாள். கையில் ஒரு படம். துருப்பிடித்த தகரத்தில் மஞ்சள் பூச்சு, கறுப்பு எழுத்து. 'திருமுல்லைவாயில்' என்று இருந்தது. "தாத்தா, இந்த லை மட்டும் வேற மாதிரி இருக்கே, என் கம்ப்யூட்டர்ல இது இல்லையே?" என்றாள். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யானை துதிக்கையைத் தூக்கின மாதிரி நாம் சிலேட்டில் எழுதிப் பழகிய லை அது. இங்கே தட்டிக் காட்ட எனக்கும் வழியில்லை. பெரியார் 1935-லேயே குடி அரசில் கையாண்ட சீர்திருத்தத்தை, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகப் போட்டது. ணை, லை, ளை, னை, அதோடு ணா, றா, னா வரிசைகள் என்று 13 எழுத்துகள் உருவம் மாறின. அந்தப் பதின்மூன்றில் ஒன்று நம் ஊர்ப் பெயருக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. (சீர்திருத்தம் தப்பு என்று சொல்ல வரவில்லை. டைப்ரைட்டரோடு மாரடித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான்.)

ஆக, அந்தப் பலகை 1978-க்கு முந்தியதாக இருக்கலாம். இல்லை, புது எழுத்துக்குப் பழகாத ஒரு பழைய கை எழுதியதாக இருக்கலாம். ஓர் எழுத்தின் வளைவை வைத்து இவ்வளவு ஊகிக்க முடிகிறது. கல்வெட்டுக்காரர்கள் செய்வதும் இதுதானே? நம் மாசிலாமணீஸ்வரர் கோவிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை மைப்படி எடுக்க ஒருவர் வந்தால் "ஐயா ஆராய்ச்சி செய்கிறார்" என்று மோர் கொடுப்போம். அதே வேலையை ஜீன்ஸ் போட்ட பெண் மாவு மில் சுவரில் செய்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

எனக்கு எழுத்தின் மேல் இந்தப் பித்து பாண்டிச்சேரியில் பிடித்தது. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது படிக்க அல்ல, எழுத. கட்டைப் பேனாவில் நிப் செருகி, ஊதா மையில் தொட்டு எழுத வேண்டும். கீழே இழுக்கும்போது அழுத்தினால் பட்டை, அதற்கு 'ப்ளேன்' என்று பெயர். மேலே தூக்கும்போது மயிரிழை, அது 'தெலியே'. மை சொட்டினால் பக்கம் முழுவதும் மறுபடி எழுத வேண்டும். தெருமுனையில் நீல எனாமல் பலகை இருக்கும். அதில் தமிழும் பிரெஞ்சும் வெள்ளை எழுத்தில். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அதையே பார்த்து நடந்தவன் நான். இன்னொரு வேடிக்கை: நம் ஊரை ஆங்கிலத்தில் 'வோயல்' என்று வரும்படி எழுதுகிறார்களே, அதை ஒரு பிரெஞ்சுக்காரன் வாசித்தால் 'வ்வாயால்' என்பான். நாம் சொல்லும் 'முல்லவாயலு'க்கு அவன்தான் கிட்டே வருகிறான்! அது போகட்டும்.

எழுத்துக்காக ஒரு காலத்தில் சண்டைக் கொள்ளையே நடந்திருக்கிறது. 1761-இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தபோது, அங்கே இருந்த அச்சு யந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். 1779-இல் அவருடைய தமிழ் அகராதி வேப்பேரியில்தான் அச்சாயிற்று. எங்கள் ஊர்ச் சாமான் என்று எனக்கு இன்றும் ஒரு கர்வம். அவ்வளவு தூரம் போவானேன், செல்போனில் எழுத்தைப் பெரிசாக்கி இதைப் படிக்கிறீர்களே, அந்த எழுத்து வானத்திலிருந்து விழவில்லை. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த 'கட்டமரான்', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த 'பவனம்' என்று கூகுள் இலவசமாகத் தரும் தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அ முதல் னௌ வரை எதுவும் தடுக்காமல் வருகிற மாதிரி ஒருவர் உட்கார்ந்து வரைந்தால்தான் நம் கண்ணுக்கு இதம். அதைத்தான் அந்தப் பெண் படிக்கிறாள்.

இப்போது நம் லட்சணத்தைச் சொல்கிறேன். நாலு வருஷம் முன்பு எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருப் பெயர்ப் பலகைகளை மாற்றியது. கையால் எழுதிய இரும்புப் பலகைகளைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டோம். பதிலுக்கு, விளம்பரம் கொடுத்தவர் செலவில் ஃப்ளெக்ஸ். அவர் முகம் பூசணிக்காய் அளவு, தெருப் பெயர் சுண்டைக்காய் அளவு. 'கோவில்' என்ற சொல்லில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்துரு ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று அந்தப் பெண் விளக்கினாள். அச்சிட்டவர் பார்க்கவில்லை, மாட்டியவர் பார்க்கவில்லை, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட நானும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் 'எழுத்தர்' என்ற பெயரில் சம்பளம் வாங்கியவன்! கடைப் பலகையில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, மற்ற மொழிக்கு 2 என்று அரசு விதி இருக்கிறது. விதி அளவைத்தான் சொல்லும். கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு கோடை தாங்கவில்லை. பூசணிக்காய் முகம்கூட வெளுத்துப் போயிற்று.

பெண்ணுக்கு ஏந்திப் பேசிவிட்டேன். அவளோடும் எனக்குச் சண்டை உண்டு. நூற்றுக்கு மேல் படங்களை அழகாக அடுக்கி ஒரு புத்தகம் மாதிரி செய்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் கடை, இடம், எழுத்தின் குணம் பற்றி இரண்டு வரி. எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. கையால் எழுதின போர்டு என்றால் கீழ் மூலையில் பொடியாக 'இன்னார் ஆர்ட்ஸ்' என்று இருக்குமே, அது எங்கே என்றேன். "அது ஃபிரேமுக்கு இடைஞ்சலா இருந்துது தாத்தா, க்ராப் பண்ணிட்டேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் காபியைக் கீழே வைத்துவிட்டேன். சோழர் கல்வெட்டுகளில்கூடக் கடைசியில் 'இவை இன்னார் எழுத்து' என்று வரும். ராஜா கொடுத்த இடத்தைக் காமிரா கொடுக்காதா?

ஹனிஃப் குரேஷி என்று ஒருவர். குஜராத்காரர், பரோடாவில் கலை படித்தவர், 2024-இல் காலமானார். இதே பித்துதான் அவருக்கும். ஆனால் அவர் தெரு பெயிண்டர்களைத் தேடிப் போய் முழு எழுத்து வரிசையையும் எழுதி வாங்கி, அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கி, எழுதியவர் பெயரையே அதற்கு வைத்தார். 'பெயிண்டர் கஃபீல்' என்றே ஓர் எழுத்து இருக்கிறது. விற்ற பணத்தில் பெயிண்டருக்கும் பங்கு கொடுத்தார். இதைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிற்று. மறுநாள் வெட்டாத படங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரே பெயர் பதினோரு பலகைகளில் இருந்தது.

விசாரித்ததில் அவர் அண்ணனூர்ப் பக்கம் இருக்கிறார். போனோம். வண்டி நம்பர் பிளேட்டும் எப்போதாவது பள்ளிக்கூடச் சுவரும்தான் இப்போது வேலை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய லை போட்ட பலகை அவருடையது அல்ல, அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருடையது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் வந்து படம் எடுக்கிறாங்க சார். போர்டு எழுதச் சொல்லத்தான் யாரும் வரல" என்றார். நூலில் சாக்குப்பொடி தடவிக் கோடு தட்டி, எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, எனாமலில் பிரஷ் தூக்காமல் ஒரு 'ழ' போட்டுக் காட்டினார். ப்ளேனும் தெலியேயும் அதில் இருந்தன. அவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே பூங்கா நண்பர்களே, வரும் சங்கக் கூட்டத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறேன். வெளுத்த ஃப்ளெக்ஸ்களை எடுத்துவிட்டு, இரும்புத் தகட்டில் அவர் கையாலேயே பலகைகள் எழுதி மாட்ட வேண்டும். விளம்பரதாரர் வேண்டாம். சங்கத்தில் பணம் இல்லை என்பீர்கள், எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கான பலகையை என் பென்ஷனில் தருகிறேன். உங்கள் உங்கள் தெருவுக்கு நீங்கள் தாருங்கள். மூலையில் அவர் பெயர் இருக்க வேண்டும், அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்பணம் கொடுத்தபோது, "ஊர் பேர்ல எந்த லை சார், பழசா புதுசா?" என்று கேட்டார். அந்தப் பெண் ஆசையோடு என்னைப் பார்த்தாள். அரசாணைப்படி புதுசே போடுங்கள் என்றேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்!