போதைத் தடுப்புச் சட்டமும் புற்றுநோயாளியின் வலியும்

புற்றுநோய் முற்றியவரின் வலி பாராசிட்டமாலுக்கெல்லாம் அடங்காது. அதை அடக்கும் மருந்து மார்பின். உலக சுகாதார நிறுவனம் 1977ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கிறது. விலையும் ஒரு மாத்திரைக்குச் சில ரூபாய்தான். அதன் மூலப்பொருளான அபினை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் அரசு உரிமத்தோடு பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே ஆலை நடத்துகிறது. இந்திய அபின் வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆனால் இந்திய நோயாளிக்கு மட்டும் மார்பின் எளிதில் கிடைப்பதில்லை. ஏன்?

காரணம் 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களை ஒடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். அப்போது பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்ச தண்டனையே 10 வருட சிறை. மருத்துவப் பயன்பாட்டைச் சட்டம் தடை செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் மார்பின் வாங்கி வைக்க மாநிலத்துக்கு மாநிலம் ஒரு விதி இருந்தது. பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. கலால் துறை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சுகாதாரத் துறை என்று ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்!

இதை ஒரு மருந்துக்கடைக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். மாத்திரை விற்றால் கிடைப்பது சில்லறை லாபம். கணக்கில் பிசகினால் ஜெயில் பயம். எந்த வியாபாரி அந்தச் சரக்கை வாங்கி அடுக்குவார்? கடத்தல்காரனின் கணக்கோ நேர்மாறானது. ஆபத்து கூடினால் அவன் விலையைக் கூட்டிக்கொள்வான். ஆக, சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் சட்டத்தை மதித்தவர்கள் மட்டுமே.

விளைவு என்ன? சட்டம் வந்து 12 ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்தது. 1997ல் மொத்தமே 18 கிலோ. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுக்க அது சுமார் 820 பேருக்குத்தான் போதும். அப்போது இந்தியாவின் மக்கள்தொகை 95 கோடிக்கு மேல்! இதைவிடக் கொடுமை, மார்பினைக் கையாண்டே பார்க்காத ஒரு டாக்டர் தலைமுறை உருவாகிவிட்டது.

"தாராளமாகக் கொடுத்தால் தெருவுக்கு வந்துவிடாதா?" என்று கேட்பவர்களுக்குக் கோழிக்கோட்டில் பதில் இருக்கிறது. அங்குள்ள வலி நிவாரண மையத்தில் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்பின் கொடுத்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டவர்கள். மருந்து வெளியே போனதாக ஒரு சம்பவம்கூட இல்லை என்று டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் குழுவினர் 2001ல் லான்செட் இதழில் எழுதினார்கள். சிலர் அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அங்கே நடந்தது வேறு. ஆக்சிகான்டின் மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனம், அதை விற்ற முறைக்காக 2007லும் 2020லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கடிவாளம் போட வேண்டியது அந்த மாதிரி விற்பனைக்கு. படுக்கையில் துடிப்பவருக்கு அல்ல.

2014ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்பின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று 2015ல் அறிவிக்கப்பட்டன. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரம் இருந்தால் மருத்துவமனை அவற்றை வாங்கி வைக்கலாம். நல்ல திருத்தம்தான். ஆனால் "வைக்கலாம்" என்பதற்கும் "வைக்க வேண்டும்" என்பதற்கும் நடுவில்தான் நோயாளி கிடக்கிறார். முப்பது வருடப் பயம் ஒரு கெஜட் அறிவிப்பில் போய்விடாது. பயந்த மருத்துவமனை விண்ணப்பமே போடாது. போடாததற்கு எந்தத் தண்டனையும் இல்லையே!

கடத்தல்காரனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாத்திரை கூடுதலாக வெளியே போனால் விசாரணை வைக்கும் அரசு, மாத்திரை இல்லாமல் ஒருவர் அலறிச் செத்தால் யாரை விசாரிக்கிறது? ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மார்பின் இருப்பு வைப்பதைக் கட்டாயமாக்கட்டும். இருப்பு தீர்ந்தால் பதில் சொல்ல ஓர் அதிகாரியை நியமிக்கட்டும். அதுவரை இந்தச் சட்டத்தின் தண்டனையை அனுபவிப்பவர், எந்தக் குற்றமும் செய்யாத நோயாளிதான்.