நெளிந்த சக்கரத்தை நிமிர்த்தலாமா?



மழைக்காலத்தில் மும்பை, பெங்களூரு சாலைகளில் கார் ஓட்டுகிற அனைவரும் அறிந்த சத்தம் ஒன்று உண்டு. தண்ணீர் மூடிய குழியில் முன்சக்கரம் ‘டங்’கென்று இறங்கும். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் டயரில் காற்று குறைந்திருக்கும். பஞ்சர் கடையில் ஆணியைத் தேடுவார்கள், ஆணி இராது. நெளிந்திருப்பது ரிம்.

டியூப்லெஸ் டயரில், டயரின் ஓரமும் ரிம்மின் விளிம்பும் இறுகப் பொருந்தியிருப்பதால்தான் காற்று நிற்கிறது. விளிம்பு நெளிந்தால் அவ்வழியே கசியும். நெளிவு பெரும்பாலும் உட்புற விளிம்பில் இருப்பதால், வெளியே நின்று பார்ப்பவருக்குப் புலப்படாது. ஸ்டியரிங் நடுங்கினால் பாலன்சிங் செய்தால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். பாலன்சிங் எடையின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யுமேயன்றி நெளிவை நிமிர்த்தாது.

இரும்பு ரிம்மைச் சம்மட்டியால் தட்டி நேராக்குவதை ஊரில் கண்டிருப்பீர்கள். இரும்பு வளைந்து கொடுக்கும். அலாய் வீலோ பெரும்பாலும் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த அலுமினிய வார்ப்பு. ஓரளவுக்கு மேல் வளைத்தால் விரிசல் விடும். பெரும்பாலான சக்கரங்களை வார்த்தபின் சுமார் 540 டிகிரி செல்சியஸில் காய்ச்சி, நீரில் குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் வைத்துப் பலப்படுத்துகிறார்கள். பட்டறையில் கேஸ் நெருப்பைக் காட்டித் தட்டினால் அந்தப் பதம் கெட்டு, அவ்விடம் வலுவிழக்கும். இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இளகும் நிலையை எட்டிவிடும். எவ்வளவு காய்ந்தது என்று கண்ணால் அறிய இயலாது. பட்டறைக்காரர் ‘சல்தா ஹை’ என்று சொல்லும் ஆறுதல் நமக்கு வேண்டாம்.

விளிம்பில் மட்டும் சிறு நெளிவு, விரிசல் ஏதுமில்லை என்றால், ஹைட்ராலிக் இயந்திரத்தில் சிறிது சிறிதாக அழுத்தி நிமிர்த்தும் கடையில் கொடுக்கலாம். டயரைக் கழற்றி, உட்புறத்தைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசலைக் காட்டும் சாயக் கரைசலைப் பூசிச் சோதித்தால் மயிரிழை விரிசலும் தெரியும். நிமிர்த்தியபின் அதே சோதனையை மறுபடியும் செய்யவேண்டும், நிமிர்த்தும்போதே விரிசல் உண்டாகலாம். பெயிண்ட் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆரத்திலோ, நட்டுத் துளைகளைச் சுற்றிலுமோ, நடுப்பகுதியிலோ விரிசல் இருந்தால் வெல்டிங் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சக்கரத்தைக் கழித்துவிடுங்கள். புதிய அலாய் வீல் வாங்குவது மாதச் சம்பளக்காரருக்குப் பாரமே. அதற்காக, ஒட்டவைத்த சக்கரத்தை நம்பி கன்வென்ஷனுக்குப் பிள்ளைகளை நெடுஞ்சாலையில் ஏற்றிச் செல்லலாகாது. உங்கள் காருக்குப் பொருந்துகிற இரும்பு ரிம் அதைவிட மலிவாகக் கிடைக்கும். அழகு சற்றுக் குறையும், அவ்வளவே. அதற்குரிய நட்டு வேறாக இருக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள்.

ஜெபித்துவிட்டுத்தானே புறப்படுகிறோம் என்று ஒரு சகோதரர் கேட்கலாம். ஜெபியுங்கள், சகோதரரே; டயரையும் கழற்றிப் பாருங்கள்.

பின்னாளில் காரை விற்க நேர்ந்தால், எந்தச் சக்கரம் நிமிர்த்தப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பெயிண்டுக்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவருடைய குடும்பமும் அதில்தான் பயணம் செய்யும்.

பழுதுபார்த்த சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக இறுக்கவேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள். முதல் வாரம் காலைதோறும், வண்டியை எடுக்குமுன் டயர் குளிர்ந்திருக்கையிலேயே காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள்.