முதற்கூலி



பொதுத் தேர்வின் கடைசித் தாளையும் எழுதி முடித்துப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டனர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வரை நெடிய விடுமுறை. "வீட்டில் வீணே இருப்பதைவிட ஏதேனும் ஒரு வேலைக்குப் போகட்டுமே" என்று தந்தை எண்ணுகிறார். "கையில் நாலு காசு கிடைக்குமே" என்று பிள்ளையும் எண்ணுகிறான். இவ்வெண்ணத்தில் தவறேதும் இல்லை. உழைத்து ஈட்டிய முதற்கூலியைத் தாயின் கையில் வைக்கும் பிள்ளை அன்று ஒரு முழம் உயர்ந்துவிடுகிறான். ஆயின், எந்த வேலை என்பதே வினா.

சென்ற ஆண்டு கோடையில் ஒரு தாயார் என்னைக் காண வந்தார். கணவரை இழந்தவர், வீட்டு வேலை செய்து இரு பிள்ளைகளை வளர்த்து வருபவர். மூத்தவனுக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தான். வெளிமாநிலத்தில் முறுக்குப் போடும் இடமொன்றுக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர், இரண்டே மாத வேலை, உணவும் இருப்பிடமும் உண்டு, முன்பணமாக இருபதாயிரம் ரூபாய் இப்போதே தருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார்.

"அந்தப் பணம் வந்தால் வட்டிக்காரருக்குப் பதில் சொல்லிவிடுவேன். பையனை அனுப்பட்டுங்களா, ஐயா?" என்று கேட்டார்.

"ஜூன் மாதம் அவன் புறப்பட நினைத்தால் விட்டுவிடுவார்களா, அம்மா?" என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை. தரகரிடம் அவர் கேட்டிராத ஒரே கேள்வி அதுதான்.

பெற்றோரே, பிள்ளையின் முதல் வேலையை எடை போட மூன்று வினாக்கள் போதும்.

முதலாவது: அவ்வேலை பிள்ளையைத் திருப்பி அனுப்புமா? முன்பணம் வாங்கும் இடத்தில் பெரும்பாலும் அனுப்பாது. இரண்டு மாதம் என்பார்கள். கணக்கு இன்னும் தீரவில்லை என்பார்கள். அதற்குள் பள்ளிக்கூட வாயில் அடைபட்டுவிடும். முன்பணத்துக்கு ஈடாக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் குற்றமென்கிறது. நம் மாநிலத்து நூற்பாலைகள் சிலவற்றில் மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் இருத்தி வேலை வாங்கிய கதையை நாம் அறிவோம். "சுமங்கலித் திட்டம்" என்று அதற்கு மங்கலப் பெயர் வேறு சூட்டினார்கள்! ஆகவே, மாலையில் வீடு திரும்பக்கூடிய வேலை, வாரந்தோறும் பிள்ளையின் கையிலேயே கூலி தரும் வேலை, இவையே ஏற்றவை.

இரண்டாவது: அவ்வேலை பிள்ளையைக் காக்குமா? 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி 14 வயது நிரம்பாதவரைக் கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு வைத்தல் ஆகாது. 14 முதல் 18 வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள் முதலிய ஆபத்தான தொழில்களில் சேர்த்தல் ஆகாது. ஆகவே, எத்துணைக் கூலி தந்தாலும் பட்டாசு ஆலை அவர்களுக்கு இல்லை. பிற இடங்களிலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையே 1 மணி நேர ஓய்வு வேண்டும். ஓய்வும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரமே. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு. உரிமம் பெறும் வயது வராத பையனிடம் வண்டியைத் தந்து பொருள் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வதும் கொடுமையே. சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டிக்கு உரியவரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் ஏற்க நேரிடும். எங்கேனும் பிள்ளைகள் துன்புறுவதைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது: அவ்வேலை எதைக் கற்பிக்கும்? பதினாறாம் வயதில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் நான் கோடை வேலை பார்த்தேன். அச்சுக் கோக்கும் வேலை கிடைக்கும் என்று எண்ணிப் போனேன். கிடைத்ததோ, அச்சாகி முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து அவற்றுக்குரிய அறைகளில் போடும் வேலை! சலிப்பில் ஒருநாள் கைபோன போக்கில் போட்டேன். மறுநாள் அச்சுக் கோக்கும் பெரியவர் மெய்ப்புத் தாளை என்னிடம் நீட்டினார். "மணம்" என்றிருக்க வேண்டிய இடமெல்லாம் "மனம்" என்றிருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, உன் கை தவறினால் என் பெயரல்லவா கெடுகிறது" என்றார். என் கவனக்குறைவுக்கு வேறொருவர் விலை கொடுப்பார் என்பதைப் பள்ளியில் எவரும் எனக்கு அப்படி உணர்த்தியதில்லை. அக்கோடையின் கூலி எவ்வளவு என்பது மறந்துவிட்டது. அந்தத் தாள் மறக்கவில்லை.

எனவே, தலைவர் யார், அவர் சொல் எத்தகையது என்று பாருங்கள். கார்பைடுக் கல் வைத்து மாம்பழம் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது என்று அறிந்தும் அதையே செய்யும் கிடங்கில் பிள்ளை கற்பது வணிகம் அன்று; வஞ்சகம். தையற்கடையில் காஜா எடுத்தல், நாற்றுப் பண்ணையில் பதியன் வைத்தல், கடையில் சரக்கு எண்ணிப் பட்டியல் எழுதுதல், தெருவிலுள்ள சிறுவர்க்குக் கணக்குச் சொல்லித் தருதல் ஆகியவை சிறியனவாகத் தோன்றினும் கைக்கும் கருத்துக்கும் பயன் தருவன. கிடைத்த கூலியில் ஒரு பங்கையேனும் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடச் செய்யுங்கள். பத்து வயது நிறைந்தவர் தாமே நடத்தும் சேமிப்புக் கணக்குக்கு வங்கிகள் இடம் தருகின்றன.

அந்தத் தாயார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இரண்டு நாள் உறங்காமல் எண்ணிப் பார்த்துத் தரகருக்கு இல்லையென்று சொல்லிவிட்டார். பையன் எங்கள் கடைத்தெருவில் நோட்டுப் புத்தகக் கடையொன்றில் சேர்ந்தான். மே மாதம் அவர்களுக்கு ஓயாத வியாபாரம். கட்டுப் பிரித்து அடுக்கவும், பட்டியல் எழுதவும், கல்லாக் கணக்குச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டான். இரண்டு மாதத்தில் அவன் ஈட்டியது தரகர் காட்டிய தொகையில் பாதிகூட இல்லை. வட்டிக்காரர் இன்னமும் வாசலுக்கு வருகிறார். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் ஜூன் மாதம் பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்று, தன் கூலியில் வாங்கிய நோட்டுகளை அவன் எனக்குக் கொண்டுவந்து காட்டினான். வணிகவியல் பிரிவை எடுத்திருக்கிறேன், ஐயா என்றான். அந்தக் கடன் மெல்ல அடைபடும். அடைபட்டுப்போன பள்ளி வாயில் மட்டும் எளிதில் திறவாது. பெற்றோரே, இக்கோடையில் உங்கள் வாசலுக்கும் யாரேனும் பணத்தோடு வரலாம். தொகையை எண்ணுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.