உயிரியல் தேர்வா? சொல் மனனத் தேர்வா?



தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் அங்கு எழுதும் உயிரியல் வினாக்களைப் பற்றி, மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். மருந்தென்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் குற்றச்சாட்டு இதுதான். நம் பள்ளிகளிலும் பிரத்தியேக வகுப்புகளிலும் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை, மாணவனுக்கு உயிரியல் தெரியுமா என்று பார்ப்பதே இல்லை. குறிப்பிட்ட ஒரு சொல் அவன் நினைவில் உள்ளதா என்றுதான் பார்க்கின்றன!

ஒரு சான்று. எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற மாணவி ஒருத்தி, மூன்றாம் படிவத்தில் எழுதிய சோதனைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நண்பகலில் செடி வாடுவது ஏன் என்பது வினா. "வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுதி" என்ற பொருளில், தடுமாறும் மலாய்மொழியில் எழுதியிருந்தாள். மதிப்பெண் இல்லை. காரணம், 'திரான்ஸ்பிராசி' என்ற திறவுச்சொல் விடையில் இல்லை. அச்சொல்லை மட்டும் எழுதிய அவள் தோழனுக்கு முழு மதிப்பெண். வெயிலில் ஏன் அது மிகுகிறது என்று அவனைக் கேட்டேன். விழித்தான். இவ்விருவரில் உயிரியல் அறிந்தவர் யார்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது இன்னும் வெட்கக்கேடு. நம் முன்னோர் பால்மரம் சீவியவர்கள். பேராக் மாநிலத்திற்கும் பால்மரத்திற்குமுள்ள உறவு, 1877ஆம் ஆண்டு கோலாகங்சாரில் 9 கன்றுகள் நடப்பட்டபோதே தொடங்கிவிட்டது. விடியுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். இரவில் இலைகள் நீரை மிகக் குறைவாகவே இழப்பதால் மரத்தின் உயிரணுக்களில் நீர் நிறைந்து, பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற நீராவிப்போக்கு மிகும், அழுத்தம் தளரும், பால் ஓட்டமும் குறையும். பாடநூலிலுள்ள நீராவிப்போக்கும் பாட்டியின் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஓடிய பாலும் ஒரே பாடம். ஆனால் இந்த இரண்டையும் இணைக்கும் வினாவை எத்தனை சோதனைத்தாள்களில் கண்டிருக்கிறீர்கள்?

இனி, நாம் பேச விரும்பாத ஒன்றையும் பேசிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. தமிழ்ப்பள்ளிகளிலும் மாறின. எதிர்த்தோம், எழுதினோம், கூட்டம் போட்டோம். 2009 சூலையில் அக்கொள்கை கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் வந்தது, மீண்டும் வாதம். அறிவியலை எம்மொழியில் கேட்பது என்று இத்தனை ஆண்டுகள் போராடிய நாம், அறிவியலில் எதைக் கேட்பது என்று ஒருநாளாவது போராடினோமா? ஒளிச்சேர்க்கை என்றும், போட்டோசிந்தெசிஸ் என்றும், ஃபோட்டோசிந்தசிஸ் என்றும் மூன்று மொழியிலும் ஒரே சொல்லைத்தான் மனனம் செய்ய வைத்தோம். தாய்மொழியில் அறிவியல் வேண்டும் என்பதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை. காரணம் சொல்லிச் சிந்திப்பதற்குத் தாய்மொழியே உகந்தது என்பதால்தான் அதைக் கேட்கிறோம். அப்படியிருக்க, காரணமே கேட்காத வினாக்களை நம் தமிழ்ப்பள்ளிகளிலேயே தயாரித்துக்கொண்டிருந்தால் நம் வாதம் என்னாவது?

விளைவை உலகளாவிய அளவுகோலில் பாருங்கள். திம்ஸ் எனப்படும் அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999 முதல் பங்கேற்று வருகின்றனர். அறிவியலில் 2003இல் 510 புள்ளிகள். 2011இல் 426. பிறகு சற்று எழுந்து, 2019இல் 460. 2023இல் மீண்டும் 426! அளவுகோலின் மையப்புள்ளி 500 என்பதை நினைவிற்கொள்க. அந்தத் தேர்வின் அறிவியல் பகுதியில் 35 விழுக்காடு உயிரியல். வினாக்களில் வெறும் அறிதலுக்கு 35 விழுக்காடு. எஞ்சியவை அறிந்ததைப் பயன்படுத்தவும் காரணங்காணவும் கேட்பவை. நம் பிள்ளைகள் பழகிய சோதனையோ அந்த முதற்பகுதியோடு நின்றுவிடுகிறது.

"உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் வந்துவிட்டனவே?" என்பீர்கள். வந்தன. உடனே பயிற்சி நூல்களில் அவற்றுக்கும் மாதிரி விடைகள் அச்சேறின; பிள்ளைகள் அவற்றையும் மனனம் செய்தார்கள். சிந்தனையையே மனனம் செய்யவைத்த பெருமை நம்மையே சாரும்!

வேறு வழி இல்லையா? உண்டு, புதியதுமில்லை. 1987இல் ஆஸ்திரேலியாவில் ஹாஸ்லம், டிரிகஸ்ட் என்னும் இருவர், தாவரங்களின் ஒளிச்சேர்க்கை, சுவாசம் குறித்து இடைநிலை மாணவர் கொண்டுள்ள தவறான கருத்துகளைக் கண்டறிய ஈரடுக்கு வினாக்களை வெளியிட்டனர். முதல் அடுக்கில் விடை. இரண்டாம் அடுக்கில் அதற்கான காரணம். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். அம்முறையில் நானே அமைத்த ஒன்று:

வெயிலில் நிற்கும் பச்சைச் செடி சுவாசிக்கிறதா?
அ. ஆம்
ஆ. இல்லை

காரணம்:
1. பகலில் ஒளிச்சேர்க்கை மட்டுமே நடக்கும், சுவாசம் இரவில்தான்.
2. ஒளிச்சேர்க்கையே செடியின் சுவாசம்.
3. உயிருள்ள உயிரணுக்களுக்கு எந்நேரமும் ஆற்றல் தேவை.
4. செடிக்கு நுரையீரல் இல்லை.

'ஆம்' என்று விடையளித்துவிட்டு இரண்டாவது காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பழைய வினா 'கெட்டிக்காரன்' என்று அனுப்பிவிடும். ஈரடுக்கு வினா அவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும்.

"நாற்பது பேர் விடைத்தாளை யார் திருத்துவது?" என்ற மறுப்பு வரும். மேலேயுள்ளதும் கருப்பாக்கும் வினாதான். திருத்த மிகுநேரம் ஆகாது. மேலும், நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்வு செய்யும் 40 வினாக்களில், கண்ணை மூடிக் கருப்பாக்கினாலும் சராசரியாக 10 சரியாகிவிடும். மேற்கண்ட ஈரடுக்கு வினாவில் குருட்டாம்போக்கில் மதிப்பெண் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. இதில் நேர்மையான சோதனை எது?

"எஸ்.பி.எம். தேர்வில் 'ஏ' வேண்டுமே?" என்பது பெற்றோரின் கவலை. நியாயமான கவலை. திறவுச்சொற்களைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணம் புரிந்த பிள்ளைக்குச் சொல் தங்கும். சொல் மட்டும் அறிந்த பிள்ளை, வினா சற்றுத் திரும்பினாலே திசை தவறும். மூன்றாம் படிவம் வரை இப்படியே ஓட்டிவிட்டு, நான்காம் படிவத்தில் "உயிரியல் கடினம்" என்று பிள்ளை ஒதுங்கும்போது வருந்திப் பயனில்லை.

யு.பி.எஸ்.ஆர். 2021இலும், பிடி3 2022இலும் அகற்றப்பட்டன. தேர்வுகளின் பெயர்கள் வரும், போகும். வகுப்பறை மதிப்பீட்டில் எதைக் கேட்பது என்பது பெரிதும் ஆசிரியர் கையில் இருக்கிறது. அந்த உரிமை கிடைத்த பின்னும் பழைய வினாத்தாளையே படியெடுத்துக் கொடுப்போமானால், குறையைத் தேர்வு வாரியத்தின்மேல் சுமத்த முடியாது.

கேட்டுப் பார்க்க மூன்று வினாக்கள் தருகிறேன்:

1. வான் ஹெல்மான்ட் என்பவர் வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை ஏறத்தாழ 74 கிலோ கூடியது. மண் குறைந்ததோ 57 கிராம் அளவே. இந்தச் சோதனை 1648இல் அச்சில் வந்தது. மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? (நீரிலிருந்து என்றே அவர் முடிவு செய்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவின் பெரும்பங்கை அவர் அறியவில்லை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தவறின்றி எழுதும் நம் பிள்ளைகளிலும் பலர், "உரத்திலிருந்து" என்றே எனக்குச் சொன்னார்கள்.)

2. பால்மரத்தை மிக ஆழமாகச் சீவினால், அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராதது ஏன்?

3. ஈப்போவுக்கு வடக்கேயுள்ள கந்தான் சுண்ணாம்பு மலையில் வாழும் ஒரு சிறு நத்தை 2014இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அம்மலையில் கல்லுடைத்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையொட்டி 'சரோப்பா லஃபார்கி' என்று பெயரிட்டனர். இத்தகைய நத்தைகள் ஒரே மலையோடு நின்றுவிடுவது ஏன்? அந்த மலை உடைக்கப்பட்டால் அவை அடுத்த மலைக்குக் குடிபெயர முடியுமா?

மூன்றாவது வினாவின் பாடம் நம் வாசலிலேயே நிற்கிறது. சிம்பாங் பூலாயின் சுண்ணாம்பு மலைகளும் கல்லுடைப்பும் நாம் நாள்தோறும் காண்பவை. நாளை இம்மலைகளைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள், இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. 'உயிரினப் பன்மயம்' என்ற சொல்லை மட்டும் அறிந்த தலைமுறை அம்முடிவை எவ்வாறு எடுக்கும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சோதனையில் ஐந்து வினாக்களுக்காவது 'காரணம்' என்ற இரண்டாம் அடுக்கைச் சேருங்கள். மொழி தடுமாறினாலும் கருத்து சரியென்றால் மதிப்பெண் கொடுங்கள். அதன்பின் சரியான கலைச்சொல்லை அருகில் எழுதிக் கற்பியுங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை தாளைக் கொண்டுவந்தால் "எத்தனை மதிப்பெண்?" என்பதோடு நிறுத்தாமல், ஒரு விடையைத் தொட்டு "இது ஏன் அப்படி?" என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியவேண்டும் என்பதில்லை. பிள்ளை சொல்லும் காரணத்தைப் பொறுமையோடு கேட்டாலே போதும்.

உங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் சொன்ன காரணங்களை எழுதுங்கள். அவற்றிலிருந்து அடுத்த வினாக்களை ஒன்றுகூடி ஆக்குவோம்.