பெம்பிளை ஒருமை: ஒரு பெயரும் நான்கு துறைகளும்

2015 செப்டம்பரில் மூணாறு நகரத்துச் சாலையை ஒன்பது நாள் மறித்து அமர்ந்த தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றிக் கடந்த பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை குறைவல்ல. தொழிலாளர் ஆய்வு அதைத் தொழிற்சங்கங்களின் நெருக்கடி என்று வாசித்தது. பாலின ஆய்வு பெண் எழுச்சி என்றது. சாதி ஆய்வாளர்கள் தலித் எதிர்ப்பு என்றனர்; மொழிச் சிறுபான்மையினரைப் பற்றி எழுதுவோர் கேரளத் தமிழரின் குரல் என்றனர். நான்கில் எதுவும் பொய்யன்று. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை அந்த இயக்கத்தின் பெயரை ‘மகளிர் ஒற்றுமை’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. பெயரிடத்தில் சற்று நின்றிருக்கலாம்.

பெண்பிள்ளை என்பது பேச்சில் பெம்பிள்ளை ஆகி, இதழொலியை அடுத்த எகரம் ஒகரமாகத் திரிந்து பொம்பளை ஆகிறது. பெண் பொண்ணாவதும் பெட்டி பொட்டியாவதும் இதே போக்கு. மலையாளப் பேச்சுவழக்கோ எகரத்தைக் காத்து ‘பெம்பிள’ என்கிறது. ‘ஒருமை’யின் கதை இன்னும் சுவையானது. தமிழ் இலக்கணம் பயின்றவர் காதில் அது முதலில் எண்ணைக் குறிக்கும், பன்மைக்கு எதிர்ச்சொல். ஒன்றாயிருத்தல் என்ற பொருளும் தமிழில் அதற்கு உண்டு. எனினும் ஓர் அமைப்புக்குப் பெயரிடும் தமிழர் ‘ஒற்றுமை’ என்றே சொல்வர். மலையாளத்தில்தான் ‘ஒரும’ நாள்தோறும் புழங்கும் சொல். மலை அங்கே ‘மல’ ஆனது போல, தலை ‘தல’ ஆனது போல, ஈற்று ஐகாரம் அகரமாய்த் தேய்ந்த வடிவம் அது. தோட்டப் பெண்கள் எகரத்தை மலையாளத்திலிருந்தும் ஐகாரத்தைத் தமிழிலிருந்தும் எடுத்து ‘பெம்பிளை ஒருமை’ என்றனர். இரு மொழிப் பண்டிதருக்கும் இது பிழையாகத் தோன்றும். ஆனால் ஒரு மொழி மட்டும் அறிந்தவரால் இப்படி ஒரு பெயரை இட்டிருக்கவே முடியாது.

பொம்பளை என்ற சொல்லை எழுத்துத் தமிழ் உள்ளே விடுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பாலினம் பற்றிய நம் கருத்தரங்குகளில் பெண், மகளிர், பெண்ணிலை என்றெல்லாம் ஒலிக்கும், பொம்பளை ஒலிக்காது. வசைக்கு அருகில் வைக்கப்பட்ட அச்சொல்லின் உறவுச் சொல்லையே தம் அமைப்பின் முகப்பில் எழுதிக்கொண்டவர்களைத் தூய்மைப்படுத்தி ‘மகளிர்’ ஆக்குவதில் ஒரு வகுப்பு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. அதைச் செய்கிறவருக்கு அது தெரிவதுமில்லை.

போராட்டத்தின் உடனடிக் காரணம் எளியது. கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனசை 10 சதவீதமாகக் குறைத்தது. அன்றைய நாட்கூலி 232 ரூபாய். பெண்கள் 500 கேட்டனர். டாடா டீ 2005இல் விலகியபின் தொழிலாளரே பங்குதாரர் ஆன நிறுவனம் எனப் பெருமையாகப் பேசப்பட்ட இடம் அது. ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு ஆகிய மூன்று சங்கங்களின் தலைவர்களையும் பெண்கள் தங்கள் பந்தலை நெருங்கவிடவில்லை. முடிவில் 8.33 சதவீத போனசும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. கூலி அக்டோபரில் 301 ஆக நிர்ணயிக்கப்பட்டது.

அடையாளம் வர்க்க ஒற்றுமையைக் குலைக்கிறது என்னும் பழைய வாதம் இங்கே மறுபடி எழுப்பப்பட்டது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெம்பிளை ஒருமையும் பின்னர் பிளந்தது. அதன் தலைவர்கள் வழி பிரிந்தனர். ஆயினும் கேள்வியின் வரிசை முக்கியம். கொழுந்து பறிப்போர் பெண்கள். அவர்கள் சார்பில் நிறுவனத்தோடு பேசியோர் ஆண்கள். இந்தப் பிரிவினை 2015க்கு வெகு காலம் முன்பே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவரைப் பிரிவினைவாதி என்பது நியாயமன்று. கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை எடுத்துக்காட்டினார். நிறுவனம் பெண்களையும் வேலைக்கு எடுத்திருந்தது, கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது. ஆகவே பாகுபாடு இல்லை என்று ஆயிற்று. அந்தப் பெண்கள் வெள்ளையர், அந்தக் கறுப்பினத்தவர் ஆண்கள் என்பது சட்டத்தின் கண்ணில் படவில்லை. மூணாறில் சங்கமும் இருந்தது, பெண்களும் இருந்தனர்.

2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி பொதுக்கூட்டம் ஒன்றில் இந்தப் பெண்களின் போராட்டத்தைப் பாலியல் உட்பொருள்பட இழித்துப் பேசினார். கோமதியும் உடனிருந்தவர்களும் மூணாறில் மீண்டும் அமர்ந்தனர். முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் அமைச்சரின் பேச்சை ‘நாடன் சைலி’, அதாவது நாட்டுப்புறப் பாணி, என்று விளக்கினார். மொழியியல் மாணவர் வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. ஒரே மலைப்பகுதியில் இரண்டு வட்டார வழக்குகள். ஒன்று அமைச்சர் வாயில் வரும்போது குற்றத்திலிருந்து காக்கும் கவசமாகிறது. மற்றது தோட்டப் பெண்ணின் வாயில் வரும்போது, அவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்க வேண்டியதில்லை என்பதற்குக் காரணமாகிறது. வட்டார வழக்கு என்பது ஒலிகளின் தொகுதி மட்டுமன்று, அதைப் பேசுபவருக்கு யார் எவ்வளவு சலுகை தருகிறார்கள் என்பதும்தான். சமூக மொழியியல் இதை நெடுநாளாகச் சொல்லி வருகிறது. பாலின ஆய்வுகள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளலாம்.

‘கேரளத் தமிழர்’ என்ற சொல்லும் ஐயத்துக்குரியதே. பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியில், தமிழக எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியைப் பற்றி 2017இல் தீண்டாமைப் புகார்கள் எழுந்தன. தேநீர்க் கடையிலும் குடிநீர்க் குழாயடியிலும் பாகுபாடு என்று அங்குள்ள சக்கிலியர் கூறினர். தமிழகக் கிராமங்களில் நெடுங்காலம் பேசப்பட்ட இரட்டைக்குவளைதான் அது, எல்லையைத் தாண்டியும். அங்கே ஒதுக்குவோர் பேசுவதும் தமிழ். ஒதுக்கப்படுவோர் தெருவில் பேசுவதும் தமிழ். மொழிச் சிறுபான்மை என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் இருவரையும் எழுதினால் ஒருவர் காணாமல் போவார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். சான்றிதழுக்கு வரும்போது அப்படி இராது. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாளுக்குரியது. அந்நாளுக்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து வந்தவரின் வழியினர்க்குக் கேரளத்தில் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. முன்னரே வந்தவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். எதைக் காட்டி? லயம் நிறுவனத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால் விட்டு வெளியேற வேண்டும். நிலப் பட்டா இருந்ததே இல்லை. தேவிகுளம் தனித்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் வெற்றியையே கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. அவருடைய முன்னோர் மலைக்கு வந்த காலமும் அவரது சமயமும் வழக்கின் பொருளாயின. உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில்தான் அத்தீர்ப்பை மாற்றியது. (2021இல் அவர் தமிழில் ஏற்ற உறுதிமொழியும் மொழிபெயர்ப்புக் குறையால் மறுபடி ஏற்கப்பட்டது என்பது தனிக்கதை.) சட்டமன்ற உறுப்பினருக்கு உச்சநீதிமன்றம் வரை செல்ல வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விண்ணப்பப் படிவத்தோடு நிற்கும் கொழுந்து பறிப்பவரின் மகளுக்கு இல்லை.

கோபால் குரு 2002இல் இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு வகுப்போர், தரவு திரட்டுவோர் என்னும் பிரிவே ஒரு சாதிமுறை என எழுதினார். எல்லை மலைகளில் அது ஆவண வடிவில் நிலவுகிறது. சான்றிதழ் இல்லாத மகளுக்கு இடஒதுக்கீட்டில் இடமில்லை. இடமில்லாததால் அவள் ஆய்வாளர் ஆவதில்லை. ஆகவே அவள் தாய் என்றைக்கும் பிறரது பேட்டியில் ‘தகவலாளி’. விதிவிலக்கு உண்டு. தோட்டக் குடும்பத்தில் பிறந்த ஜெயசீலன் ராஜ் பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் தலித் வாழ்வைப் பற்றி எழுதிய நூலை 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பதிப்பகம் வெளியிட்டது. லயத்து நுணுக்கங்களை அது கையாளும் விதத்தில், உள்ளே பிறந்தவர் எழுதினால் என்ன மாறும் என்பது தெரியும். அவரைக் காட்டி வழி திறந்தே இருக்கிறது என்று வாதிடுவது மட்டும் தவறு.

ஆய்வுலகம் செய்யக்கூடியவை சில உண்டு. பேட்டிகளைப் பேசப்பட்ட வழக்கிலேயே பின்னிணைப்பில் தருவது அதிகச் செலவில்லாத காரியம். அதைவிடப் பெரியது ஒன்று. தோட்டங்களின் பழைய செக்ரோல்களையும் கூலிப் பதிவேடுகளையும் புலம்பெயர்வு வரலாற்றுக்கான மூலங்களாக ஆய்வேடுகள் பயன்படுத்தி வருகின்றன. 1950க்கு முந்தைய பக்கத்தில் உள்ள ஒரு பெயர் ஆய்வேட்டில் அடிக்குறிப்பு; வட்டாட்சியர் அலுவலகத்தில் அதுவே ஒரு பேத்தியின் சாதிச் சான்று. அப்பக்கங்களைப் படியெடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் தேடக்கூடிய பட்டியலாக்கி, தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் விண்ணப்பிப்போர் கையில் சேர்ப்பிக்க வரலாற்றுத் துறை ஒன்று முன்வந்தால் போதும்.