கண்டிப்பு எந்த அறையில் வேண்டும்?

ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். இப்போது பதினாறு வாரக் கர்ப்பம். கலைத்துவிட வேண்டும் என்று ஒரு பெண் வருகிறார். நம்மில் பலர் குடும்ப விவரம் கேட்டதுமே பின்வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுகிறோம். எதற்கு வம்பு என்ற பயம். பெண்சிசுவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் கூடவே வந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் இடமில்லை, மருத்துவ நெறியிலும் இடமில்லை.

1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தைப் போதுமானதாக ஏற்கிறது. கருத்தடை தவறி உண்டான கர்ப்பமும் அதில் அடங்கும். 18 வயது நிறைந்தவர் என்றால் அவருடைய சம்மதம் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்தைக் கேட்க நமக்கு அதிகாரம் கிடையாது. கருவின் பாலினம் மட்டும் எந்த இடத்திலும் காரணமாகச் சொல்லப்படவில்லை.

1994-இல் வந்து 2003-இல் விரிவான பாலினத் தெரிவுத் தடைச் சட்டத்தின் பார்வை வேறு. அது ஸ்கேன் அறையைக் குறிவைக்கிறது. சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ பாலினத்தைத் தெரிவிப்பதே குற்றம். முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை; தண்டனை பெற்றால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து 5 ஆண்டு நீக்கம். கர்ப்பிணியோ, கணவராலும் உறவினராலும் கட்டாயப்படுத்தப்பட்டவர் என்றே அனுமானிக்கப்படுகிறார். இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. 1992-இல் சேலத்தில் பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது கிராமத்துப் பாட்டிமாரையும் மருத்துவச்சிகளையும் குற்றம் சொன்னோம். கொலை கருப்பைக்குள் இடம்பெயர்ந்ததற்குக் கருவியும் படிப்பும் தேவைப்பட்டன. அவை நம்மிடம் இருந்தவை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆறு வயதுவரை 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். கடலூரிலும் அரியலூரிலும் 900-க்கும் கீழே.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும்போது நிரப்ப வேண்டிய படிவம் எஃப் பற்றிய மனக்குறை உண்மையானது. பதிவில் விடுபட்ட ஒரு விவரமும் குற்றமாகக் கொள்ளப்படும். குற்றம் இல்லையென்று நிரூபிப்பது ஸ்கேன் செய்தவர் பொறுப்பு. இதை எதிர்த்த மகப்பேறு மருத்துவர் சங்கக் கூட்டமைப்பின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. இந்தக் கசப்பிலிருந்துதான், பாலினத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பெண்கருக்களைப் பிரசவம்வரை கண்காணிக்கலாம் என்ற யோசனை 2024-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் தலைமையிலிருந்தே எழுந்தது. இவ்விதழ் அதை முழுமையாக மறுக்கிறது. பதினைந்தாம் வாரத்தில் கரு தானாகக் கலைந்த பெண்ணும் அப்போது விசாரணைக்கு ஆளாவாள். மாமியார் வீட்டுக்கு நாமே செய்தி கொடுத்துவிட்டு, அவளைக் காவல் காக்கவும் கிளம்புவோம்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. "பெண் என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான்" என்று கலைக்க வந்த பெண்ணே சொன்னால்? பாலினத்துக்காகக் கலைக்கச் சட்டம் அனுமதிக்காது, செய்யக் கூடாது. ஆனால் பேச்சை அங்கே முறித்துக்கொண்டால் அடுத்த தெருவில் கையடக்கக் கருவியோடு காத்திருப்பவனிடம்தான் அவர் போவார். உடன் வந்தவர்களை வெளியே உட்காரவைத்து, அவரிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி உண்டா, யார் வற்புறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். பாலினம் சொன்ன இடத்தைப் பற்றி, அவர் பெயர் வெளிவராமல், மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். அந்த இடம் நம் சங்கத்து உறுப்பினருடையதாக இருந்தாலும்.